இளவரசி படித்த வாய்கள்

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரில் நடராசனின் ஜெராக்ஸ் கடை. பெயருக்குத்தான் ஜெராக்ஸ், பட்டா மாறுதல் விண்ணப்பம், ஆதாரில் பெயர் திருத்தம், கல்யாணப் பத்திரிகை, லேமினேஷன் என்று காலை ஒன்பது மணியிலிருந்தே கூட்டம் மொய்க்கும். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் இளவரசிக்குக் காது கேட்காது. புதிதாக வருகிறவர்களிடம் அவளே சொல்லிவிடுவாள்.

"எம் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க. கத்த வாணாம். வாய் தெரிஞ்சா போதும்."

ஏற்ற இறக்கம் இல்லாத குரல் அது. ஏழு வயதுவரை எல்லாப் பிள்ளைகளையும்போலக் கேட்டுப் பேசியவள்தான். மூளைக்காய்ச்சலில் இருபது நாள் கிடந்து எழுந்தபோது சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விளையாடுகிறார்கள் என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது குடும்பம் வளவனூரில் இருந்தது. அம்மா கோவிந்தம்மாளுக்கு அரிசி ஆலையில் நெல் காயவைக்கிற வேலை. சாயங்காலம் வந்ததும் மகளை எதிரில் உட்காரவைத்து, வெயில் தன் முகத்தில் விழுகிற மாதிரி மேற்கே பார்த்து உட்கார்ந்துகொண்டு பேசுவாள். ஆலையில் யார் யாரோடு சண்டை, எவள் வீட்டில் என்ன குழம்பு, எல்லாம். மகள் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து. ஊர்க்கதை கேட்கிற ஆசையிலேயே மூன்று வருஷத்தில் இளவரசி வாய் படிக்கக் கற்றுக்கொண்டாள்.

இருபத்து மூன்று வயதில் பெண் பார்க்க வந்தார்கள். காது கேட்காத பெண்தானே என்று மாப்பிள்ளையின் அக்காவும் அத்தையும் கூடத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்து தாராளமாகப் பேசிக்கொண்டார்கள். காப்பித் தட்டோடு நின்ற இளவரசி அத்தனையையும் படித்துவிட்டு, தட்டைக் கீழே வைத்தாள். "பொண்ணு வேலைக்காரிக்கு வேலைக்காரியும் ஆச்சு, எதுத்துப் பேசவும் மாட்டான்னு சொல்றாங்கம்மா. இந்த எடம் வாணாம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். அதற்குப் பிறகு வந்த இடங்களும் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப்போயின. ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். இப்போது அவளுக்கு நாற்பத்தேழு. அம்மாவும் மகளுமாக விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். காலையில் பாசஞ்சர் ரயிலில் திண்டிவனம் போய், சாயங்காலம் அதே மாதிரி திரும்பி வருகிறாள். பத்தொன்பது வருஷமாக இதுதான்.

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு பெண் கடைக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். பெயர் சஹானா. செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமண நயினார் குடும்பம், புதுச்சேரியில் பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாதுகாக்கிற ஒரு இடத்தில் வேலை. பென் டிரைவில் ஒரு வீடியோ கொண்டுவந்திருந்தாள்.

"இதுல நாலஞ்சு எடத்துல நிறுத்தி, அந்தப் படத்த மட்டும் பெருசா பிரிண்ட் போட்டுத் தரணும்" என்றாள். "திண்டிவனம்தான். நூறு வருஷம் ஆச்சு."

இளவரசி வீடியோவைத் திறந்தாள். கறுப்பு வெள்ளை. கோடு கோடாகக் கீறல். ஒரு ரயில்வே பிளாட்பாரம், தலைப்பாகைக் கூட்டம், மூட்டை, ஆடு. எல்லோரும் பொம்மை மாதிரி விறுவிறுவென்று ஓடினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கையில் குச்சியோடு ஒரு சேவகன் வந்தான். கேமராவை மறைத்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்து அவன் வாய் மூன்று தரம் ஒரே மாதிரி குவிந்து மூடித் திறந்தது. இளவரசி பக்கென்று சிரித்துவிட்டாள்.

சஹானா அவள் தோளைத் தொட்டாள். "எதுக்குக்கா சிரிக்கிறீங்க?"

"இந்தாளு திட்டறான். பொறம்போக்கு, பொறம்போக்குன்னு."

"படத்துல சத்தமே கிடையாதே."

பின்னால் லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்த நடராசன், "அதுக்கு எல்லாப் படமும் சத்தமில்லாத படந்தாம்மா" என்றார். "எதிர்ல பஸ்ஸுல கண்டக்டர் டிரைவர்கிட்ட இன்னா பேசறான்னு இங்க இருந்தே சொல்லும். பொறம்போக்கெல்லாம் அதுக்குத் தண்ணி பட்ட பாடு. டெய்லி நூறு மனுல அடிக்குது."

சஹானா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வந்த வேலையை மறந்துவிட்டாள். அந்தப் படம் ஏதோ ஒரு வெளிநாட்டு வீட்டுப் பரணில் தகர டப்பாவில் கிடைத்தது என்றும், யார் எடுத்தது என்று தெரியவில்லை என்றும், மொத்தம் பதினொரு நிமிடம்தான் என்றும் சொன்னாள். டப்பா மேலே ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர் மட்டும் எழுதியிருந்ததாம். அதில் இருக்கிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"அக்கா, முழுசா பாத்துச் சொல்ல முடியுமா?"

"இப்டி ஓடினா முடியாது. மெதுவா வுடணும்."

அடுத்த சனிக்கிழமையிலிருந்து சஹானா லேப்டாப்போடு வந்தாள். மத்தியானத்துக்கு மேல் கடையில் கூட்டம் குறையும். உள்ளே காகிதக் கட்டுகள் அடுக்கியிருக்கும் அறையில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அந்தக் காலத்துக் கேமராவைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றியவர் என்ன வேகத்தில் சுற்றினார் என்று தெரிந்தால்தான் படத்தைச் சரியான வேகத்தில் ஓட்ட முடியும் என்று சஹானா விளக்கினாள். இத்தனை நாள் குத்துமதிப்பாகத்தான் ஓட்டியிருக்கிறார்கள்.

சஹானா வேகத்தைக் குறைத்தாள். பொம்மைகள் கொஞ்சம் மனிதர்களானார்கள். "இன்னும்" என்றாள் இளவரசி. மறுபடி குறைத்தாள். "இன்னும் கொஞ்சம்." ஒரு இடத்தில் சட்டென்று இளவரசி கையைத் தூக்கினாள். திரையில் இருந்த வாய்கள் எல்லாம் தமிழாகிவிட்டன. என்ன பேசுகிறார்கள் என்பது அப்புறம். பேசுவது தமிழ் என்பது அந்த வேகத்தில்தான் தெரிந்தது.

"இதான்" என்றாள். "இதுக்கு மேலயும் வாணாம், கீழயும் வாணாம்."

நிலக்கடலை மண்டிக் காட்சி வந்தபோது மறுபடி பிசகியது. அங்கே வேகத்தை இன்னும் குறைக்க வேண்டியிருந்தது. சுற்றியவருக்குக் கை களைத்துப்போயிருக்கும் என்று சஹானா சொன்னாள். நூறு வருஷத்துக்கு முன்னால் திண்டிவனத்து வெயிலில் ஒருவருக்குக் கை வலித்ததை இரண்டு பேருமாகக் கண்டுபிடித்தார்கள்.

வாய் படிப்பது மற்றவர்கள் நினைப்பதுபோல அவ்வளவு சுலபம் இல்லை. தொண்டைக்குள்ளேயே முடிந்துவிடுகிற 'க' வெளியே தெரியாது. 'ப'வும் 'ம'வும் உதட்டில் ஒன்றுதான். மீசை இருந்தால் பாதி போச்சு. முகம் திரும்பினால் எல்லாமே போச்சு. அந்தப் பதினொரு நிமிடத்தில் முன்னூறு முகமாவது வந்துபோனது. முக்கால்வாசிப் பேர் வாயைப் பிளந்துகொண்டு கேமராவையே பார்த்தார்கள். பேசினவர்களிலும் பாதிப் பேர் கீறலுக்குப் பின்னால் போய்விட்டார்கள். ஆறு சனிக்கிழமை உட்கார்ந்து, இளவரசியால் உறுதியாகச் சொல்ல முடிந்தது எட்டுப் பேச்சுதான்.

மண்டியில் இரண்டு பெண்கள் மல்லாட்டை சலிக்கிறார்கள். ஒருத்தி கேமரா பக்கம் கண்ணைக் காட்டி மற்றவளிடம் சொல்கிறாள்: "பல்லப் பாரு அவனுக்கு." படம் எடுத்தவரை யாரும் பார்த்ததில்லை, ஒரு புகைப்படம்கூட இல்லை. அவருக்குப் பல் எடுப்பு என்பது மட்டும் இப்போது தெரிந்துவிட்டது. சஹானா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கோவணமும் துண்டுமாக ஒரு கிழவர் நேராகக் கேமராவிடம் வருகிறார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "இன்னா வோணும்?" என்கிறார். பதிலுக்குக் காத்திருக்கிறார். படம் அங்கே அறுந்து வேறு காட்சிக்குப் போகிறது.

கடைசியில் பிளாட்பாரம். வண்டி புறப்படப் போகிறது. ஜன்னலுக்குள் ஒருவன், முப்பது வயது இருக்கும், வெளியே நிற்கிற பெண்ணிடம் பேசுகிறான். அவள் முதுகுதான் தெரிகிறது. இடுப்பில் ஒரு குழந்தை.

இளவரசி முதல் தடவையே படித்துவிட்டாள். சொல்லவில்லை. சஹானா மறுபடி ஓட்டினாள். இளவரசி விசைப்பலகையில் கையை வைத்துப் படத்தை நிறுத்தினாள்.

"தெரியலயாக்கா?"

"தெரிது. காயிதம் போடறேன்னு சொல்றான்." சொல்லிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து, "இன்னிக்கி போதும்மா" என்றாள்.

சஹானா லேப்டாப்பை மூடினாள். பொழுது இறங்குவதற்குள் சாப்பிட்டுவிடுகிற வழக்கம் அவள் வீட்டில். டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சோற்றில் பாதியை மூடியில் வைத்து இளவரசி பக்கம் தள்ளினாள். அதைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் இளவரசி சொன்னாள்.

அவள் அப்பா பச்சைமுத்து விழுப்புரம் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினவர். மகளுக்குக் காது போன இரண்டாவது வருஷம், பம்பாயில் மில் வேலை இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். மெட்ராஸில் ஆபரேஷன் செய்தால் இந்தக் காது கேட்கும் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டையும் நம்பிக் கிளம்பினார். விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி ஏறினார். இளவரசிக்கு அப்போது ஒன்பது வயது. வாய் படிக்கப் பாதிதான் வந்திருந்தது. அம்மாவோடு பேசினால் புரியும். மற்றவர்கள் வாய் இன்னும் பிடிபடவில்லை. வண்டி நகரும்போது அப்பா ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து ஏதோ சொன்னார். அவளைப் பார்த்துத்தான் சொன்னார். வாய் மூன்று தரம் திறந்தது. இரண்டு வருஷம் கடிதம் வந்தது. அப்புறம் வரவில்லை. தேடிப்போன ஒருவர் திரும்பி வந்து, அப்பா அறையை மாற்றிக்கொண்டு குஜராத் பக்கம் போய்விட்டாராம் என்று சொன்னார். அதோடு சரி.

"அப்பால நல்லா படிக்கக் கத்துக்கினேன்" என்றாள் இளவரசி. "யார் வாய வேணா படிப்பேன். அந்த ஒரு வாய நெனச்சு நெனச்சுப் பாக்குறேன். முகம் வருது. மீச வருது. வாய் மட்டும் தெளிவா வரல."

"உங்க அம்மா பக்கத்துலதானே இருந்தாங்க? அவங்களுக்குக் கேட்டிருக்குமே?"

கேட்டிருக்கும் என்றுதான் இளவரசியும் இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் கேட்டபோது அம்மா, நல்லாப் படிக்கச் சொன்னார் என்றாள். இன்னொரு வருஷம், காதுக்கு மருந்தோடு வருகிறேன் என்றாராம். கல்யாணப் பேச்சு தட்டிப்போன வருஷம், உன் கண்ணே உனக்குப் போதும் என்று சொன்னார் என்றாள். மூன்றும் அந்த வாயசைவுக்குப் பொருந்தவில்லை. அதற்குப் பிறகு இளவரசி கேட்கவில்லை. கேட்டால் நாலாவதாக ஒன்று வரும் என்று பயம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோவிந்தம்மாள் முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எழுபத்தைந்து வயதிலும் கை வேகமாக ஓடும். இளவரசி எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, அன்னிக்கி ஸ்டேஷன்ல அப்பா இன்னா சொன்னாரு?"

கை நிற்கவில்லை. "எத்தினி வாட்டி சொல்றது? நல்லாப் படின்னாரு."

"மருந்து வாங்கியாறேன்னாருன்னு ஒரு வாட்டி சொன்ன."

"ரெண்டும்தான் சொன்னாரு."

"அவ்ளோ நேரம் இல்லம்மா. வண்டி நவுந்துடுச்சி. மூணு வாட்டி வாயத் தெறந்தாரு, நான் பாத்தேன்."

கோவிந்தம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மகளுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தால் அவள் அப்படித்தான் செய்வாள். இளவரசி எழுந்து போய் சுவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"எம் பக்கம் பாத்துச் சொல்லு."

"எனக்குக் கேக்கலடி."

இளவரசி தான் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று பார்த்தாள்.

"வண்டி ஊதிக்கினு இருந்துச்சி" என்றாள் கோவிந்தம்மாள். "டீ விக்கிறவன் ஒருத்தன் பக்கத்துலயே நின்னுக்கினு கத்தறான். ஒங்கப்பா வாய் அசையுது. ஒண்ணும் வுழல. நான் பாட்டுக்கு ஆவட்டும் ஆவட்டும்னு தலைய ஆட்டிட்டேன். திரும்பி வந்தா கேட்டுக்கலாம்னு இருந்தேன்."

"அப்ப ஏன் அப்டியெல்லாம் சொன்ன?"

"நீ கேட்டுக்கினே இருந்த. வெறுங்கையக் காட்ட மனசு வரல."

முறத்தில் கிடந்த தோலை ஊதித் தள்ளிவிட்டு கோவிந்தம்மாள் மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். இளவரசியும் ஒரு கை அள்ளி உரித்தாள். அப்பா சொன்ன சொல் அம்மாவின் காதுக்குள்ளே பத்திரமாக இருக்கிறது, தன்னிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான் என்று முப்பத்தெட்டு வருஷம் நினைத்திருந்தாள். அது யாரிடமும் இல்லை. எஞ்சின் புகையோடு விழுப்புரம் பிளாட்பாரத்திலேயே போய்விட்டது. அம்மா மேல் கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. காது இருந்தும் ஒரு சொல் கிடைக்காமல் நின்றவளைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மிச்சமிருந்த ஒரு துண்டைப் பார்த்தார்கள். வண்டி போன பிறகு கலைகிற கூட்டம். அதில் நாலைந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று தனியாக நின்று அழுகிறது. யாரையோ கூப்பிடுகிறது. உதடு திறக்கிறது, ஒட்டுகிறது, மறுபடி அகலத் திறக்கிறது. பிறகு ஒரு கை வந்து குழந்தையை இழுத்துக்கொள்கிறது. ஆணின் கையா பெண்ணின் கையா என்று தெரியவில்லை. மணிக்கட்டு வரைக்கும்தான் இருக்கிறது.

"அம்மான்னு கூப்பிடுது. இது எனக்கே தெரியுதுக்கா" என்றாள் சஹானா.

"அப்பாவா இருந்தாலும் இதே வாய்தான்."

சஹானா கண்ணாடி இல்லாததால் செல்போன் கேமராவைத் திருப்பித் தன் வாயைப் பார்த்துக்கொண்டு இரண்டையும் சொல்லிப் பார்த்தாள். நாலு தரம் சொன்னாள். பிறகு போனைக் கீழே வைத்தாள்.

"சரி. ஆனா படத்துக்குக் கீழ எழுத்து போடறப்போ அம்மான்னே போடலாமே. படம் முடியிற எடம். பாக்கிறவங்க அழுதுடுவாங்க."

"அழறதுக்காக எழுதக் கூடாதும்மா."

"தப்பா ஒண்ணும் இல்லையே. புள்ளைங்க எல்லாம் அம்மான்னுதானே கூப்பிடும்?"

"நான் அப்பான்னுதான் கூப்ட்டேன்" என்றாள் இளவரசி.

சஹானாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அவள் வேலை செய்கிற இடத்தில் கடைசி வரி காலியாக இருந்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றாள். பிரிண்ட் எடுத்த படங்களை வாங்கிக்கொண்டு போனவள் பத்து நாள் வரவில்லை. இளவரசிக்குச் சனிக்கிழமை மத்தியானம் வெறிச்சென்று இருந்தது. பதினோராவது நாள் வாட்ஸப்பில் செய்தி வந்தது: 'காலியா விட்டுட்டேன்கா. சண்டை போட்டுதான் விட்டேன்.'

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திண்டிவனத்தில் சின்னக் கல்யாண மண்டபம் ஒன்றைப் பிடித்துப் படத்தைப் போட்டார்கள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. நூறு பேர் வந்தார்கள். இளவரசி அம்மாவையும் ரயிலில் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். முன்வரிசையில் ஓரமாக இடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே இருந்தால் திரையும் தெரியும், திரும்பினால் கூட்டமும் தெரியும்.

கோவிந்தம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. கீழே எழுத்து வரும்போதெல்லாம் இளவரசி அவள் காதருகே குனிந்து சொன்னாள். மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டாள். பாதி மண்டபத்துக்குக் கேட்டது. சேவகன் வாயைத் திறந்தபோது அவள் குரல் "பொறம்போக்கு" என்று உரக்க ஒலிக்க, கூட்டம் கொல்லென்று சிரித்தது. 'பல்லப் பாரு அவனுக்கு' வந்தபோது பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கிழவர் வந்து, "இன்னா வோணும்?" என்றார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

ஜன்னல் ஓரத்து ஆள் வந்தான். 'காயிதம் போடறேன்' என்று எழுத்து வந்தது. கோவிந்தம்மாள் மகள் பக்கம் திரும்பினாள். இளவரசி சொன்னாள். கோவிந்தம்மாள், "போட்டானா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா."

பிறகு அந்தக் குழந்தை. கீழே எதுவும் எழுதியிருக்கவில்லை. இளவரசி திரையைப் பார்க்காமல் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். திரை வெளிச்சம் எல்லோர் முகத்திலும் விழுந்திருந்தது. குழந்தையின் வாய் அசைய அசைய அங்கங்கே உதடுகள் ஒட்டித் திறந்தன. ஒரு கிழவி, கைலி கட்டின ஒருவர், கைக்குழந்தையோடு ஒருத்தி, பத்து இருபது பேர் தங்களை அறியாமல் கூப்பிட்டார்கள். யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று இளவரசியால் சொல்ல முடியவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். விளக்கு போட்டபோது கோவிந்தம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து பாசஞ்சர் ரயிலும் கடையும் பழையபடிதான். ஒன்று மட்டும் புதிது. விழுப்புரம் பிளாட்பாரத்தில் வண்டிக்கு நிற்கும்போது எதிர்ப்பக்கம் புறப்படுகிற வண்டிகளின் ஜன்னல்களை இளவரசி பார்க்க ஆரம்பித்தாள். வழியனுப்ப வந்தவர்களிடம் ஜன்னலுக்குள் இருப்பவர்கள் பேசுவதைப் படிப்பாள். "தண்ணி பாட்டில எடுத்துக்கினியா." "போன் பண்றேன்." "மோட்டார ஆப் பண்ணிடு." பெரிய வார்த்தை ஒன்றையும் யாரும் சொல்லவில்லை. அப்பா சொன்னதும் இதுமாதிரி ஒன்றாகத்தான் இருந்திருக்கும் என்று ஒருநாள் தோன்றியது. அந்தச் சாதாரண வார்த்தைதான் வேண்டும்போல இருந்தது, முன்னைவிட அதிகமாக.

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு வெள்ளை வேட்டி கட்டின ஒருவர் கடை வாசலில் தயங்கி நின்றார். முகையூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்ததாகச் சொன்னார். பெயர் குமரேசன். சொந்தமாக மூன்று ஏக்கர், கரும்பும் நெல்லும். படம் பார்த்த யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார்.

"வாய் பாத்து சொல்றவங்க..." என்று இழுத்தார்.

"நான்தாங்க. எம் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க."

அவர் செல்போனை நீட்டினார். அவர் மனைவி லட்சுமியம்மாள் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முந்தின தையில் மகன் புதுப் போன் வாங்கி வயலில் வைத்து எடுத்த வீடியோ. போனில் மைக் ரிப்பேர் என்று அப்போது தெரியவில்லை. பதினான்கு நொடி. அவள் உயிரோடு இருந்தபோது எடுத்த வீடியோ அது ஒன்றுதான்.

இளவரசி பார்த்தாள். அறுத்த வயல். வரப்பில் ஒரு அம்மாள் தூக்குச்சட்டியோடு வருகிறாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக் கேமராவைப் பார்க்கிறாள், ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள், பிறகு வேறு பக்கம் திரும்பி இன்னொன்று சொல்கிறாள். ஐந்தாறு தரம் ஓட்டிப் பார்த்தாள்.

"மொதல்ல பையன்கிட்ட, 'என்ன எதுக்குடா புடிக்கிற'ன்னு சொல்றாங்க. அப்பால இந்தாண்ட யாரோ இருக்கறாங்க..."

"நான்தான். பம்பு செட்டாண்ட இருந்தேன்."

"ஒங்களப் பாத்து, 'சோறு ஆறிப்போவுது, வா'ன்னு சொல்றாங்க."

குமரேசன் போன் திரையின் மேல் குனிந்தார். "வான்னு சொன்னாளா, வாங்கன்னு சொன்னாளா?"

"'ங்க' வாயில தெரியாதுங்க. உள்ளயே முடிஞ்சிடும். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "யாரும் இல்லன்னா வான்னுதான் கூப்புடுவா. பையன் எதுக்க நிக்கிறான் இல்ல? அப்ப வாங்கன்னுதான் சொல்லியிருப்பா" என்றார். பிறகு, "அவ ஆறிப்போவுதுன்னு சொல்லமாட்டா. ஆறிப்பூடும்னுவா" என்று சேர்த்துக்கொண்டார்.

இளவரசி மறுபடி வீடியோவை ஓட்டினாள். அந்த இடத்தில் முகம் பாதி திரும்பியிருந்தது. அவர் சொல்வதாகவும் இருக்கலாம். "இருக்கும்" என்றாள். "அவங்க பேசறது ஒங்களுக்குத்தான் தெரியும்."

கடையில் பட்டா நகலோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள். நடராசன் கையைக் காட்டி அவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்தார்.

"இன்னொரு வாட்டி சொல்றீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு குமரேசன் கண்ணை மூடிக்கொண்டார்.

இளவரசி நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, "என்ன எதுக்குடா புடிக்கிற" என்பதிலிருந்து ஆரம்பித்து, மெதுவாக, அவர் சொன்ன மாதிரியே சொன்னாள்.